பல்லே சாட்சி!

ஆரப்பாளையத்துக்குப் புட்டு புதிதல்ல. ஆவணி பிறந்தால் வைகைக் கரையிலே உள்ள புட்டுத்தோப்பிலே திருவிழா. ஊர் திரளும், கடை பரவும், தெரு நிறையும். வைகையிலே வெள்ளம் வந்தது, கரை உடைந்தது, வீட்டுக்கு ஓர் ஆள் மண் சுமக்க வேண்டுமென்று பாண்டியன் ஆணையிட்டான், ஆள் அனுப்ப வழியற்ற வந்திக் கிழவிக்காக ஆண்டவனே கூலியாளாக வந்தான், உதிர்ந்த புட்டைக் கூலியாகப் பெற்றான் என்பது புராணம் கூறும் கதை. நம்புவோர் நம்பட்டும்; அந்த வழக்குக்கு நாம் இப்போது போகவில்லை. ஆனால் அந்தக் கதையிலே நமக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கூலி என்று வந்தபோது பொன் கேட்கவில்லை, பூமி கேட்கவில்லை; புட்டுத்தான் கேட்கப்பட்டது. உழைப்பவனுக்கு முதலில் வேண்டியது உணவு என்பதைப் புராணம் எழுதியவரே ஒப்புக்கொண்டு விட்டார்!

சரி, புட்டுக்கு முன்னால் என்ன? புட்டுக்கு மாவு வேண்டும். மாவுக்கு அரிசி வேண்டும். அரிசிக்கு நெல் வேண்டும். நெல்லுக்கு வயலும் வாய்க்காலும் வேண்டும். வயலும் இல்லாத, வாய்க்காலும் இல்லாத, பானையும் இல்லாத காலத்திலே மனிதன் எதைத் தின்றான்? எதை உண்டு வளர்ந்தான்? அதை இன்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வேலையற்றவர் கேள்வி என்று தள்ளிவிட வேண்டாம், தோழர்களே. முன்னோரின் பெயரைச் சொல்லித்தான் இன்று நம் தட்டிலே கை வைக்கிறார்கள்.

ஒருவர் வருகிறார். "நம் முன்னோர் இலையும் கனியும் பாலும் உண்ட தூயவர்கள், ஊன் உண்பது இடையிலே புகுந்த இழிவு" என்கிறார். அப்படிச் சொல்வதோடு நின்றாலும் பரவாயில்லை. வீடு வாடகைக்குக் கேட்டு வருபவனிடம், வேலை என்ன, வருமானம் என்ன என்று கேட்பதற்கு முன்பே, "உங்கள் வீட்டிலே என்ன சமைப்பீர்கள்?" என்று கேட்கிறார். சட்டியை முகர்ந்து பார்த்துச் சாதியைக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் அது!

இன்னொருவர் வருகிறார், எதிர்ப்பக்கத்திலிருந்து. "நம் முன்னோர் கறியை மட்டுமே கடித்து வாழ்ந்த வேட்டைக்காரர்கள். அரிசியை எறி, பருப்பை எறி, இட்லியை எறி, ஆதி மனிதன் உணவுக்குத் திரும்பு" என்கிறார். 'பேலியோ' என்று அதற்குப் பெயரும் வைத்தாகிவிட்டது.

இருவருமே முன்னோரைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். நல்லது. சாட்சியைக் கூண்டிலே ஏற்றுவோம். ஏட்டிலே எழுதியவன் சாட்சி வேண்டாம். உண்டவனே வந்து சொல்லட்டும். அவன் வாய் மூடிப் பல இலட்சம் ஆண்டுகள் ஆயினவே என்கிறீர்களா? வாய் மூடிவிட்டது, பல் இருக்கிறதே!

மண் மறைத்த செய்தி

முதலில் நம் மண்ணையே கேட்போம். 1863 ஆம் ஆண்டு மே மாதம் சென்னைக்கு அருகே பல்லாவரத்திலே, நிலவியல் ஆய்வாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். சாதாரணக் கல்லல்ல, மனிதன் கைபட்டுச் செதுக்கப்பட்ட கற்கோடரி. இந்தியாவின் பழங்கற்கால ஆராய்ச்சிக்கு வாயில் திறந்தது அந்தக் கல்தான். அதே ஆண்டிலே திருவள்ளூர்ப் பக்கம் கொசஸ்தலை ஆற்றுப் பகுதியிலே அதிரம்பாக்கமும் அவர் கண்ணிலே பட்டது. பின்னாளிலே, 1999 முதல் அங்கே அகழாய்வு நடத்திய சாந்தி பப்புவும் அவர் குழுவினரும், அந்தக் கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011 இல் அறிவித்தனர். 15 இலட்சம் ஆண்டு! வேதமும் இல்லை, வேந்தனும் இல்லை, வருணமும் இல்லை. நம்மைப் போன்ற மனித இனமே தோன்றாத காலம். நமக்கு முந்திய மனித இனத்தான் ஒருவன், தமிழ்நாட்டு ஆற்றங்கரையிலே உட்கார்ந்து கல்லைத் தட்டிக் கூர் தீட்டிக்கொண்டிருந்தான்.

கருவி கிடைத்தது. அந்தக் கருவியால் அறுத்ததென்ன? அங்கேதான் மண் ஏமாற்றுகிறது. கற்கருவிகள் ஆயிரக்கணக்கிலே கிடைத்த அதிரம்பாக்கத்திலே, விலங்குகளின் எச்சமாகக் கிடைத்தவை மிகச் சில. குதிரை இனம், எருமை, நீலான் ஆகியவற்றின் பற்கள் மூன்று. குளம்புத் தடங்கள் சில. அந்த விலங்குகள் அங்கே நடமாடின என்பதற்கு அவை சான்று. அவற்றை அவன் உண்டான் என்று சொல்ல அவை மட்டும் போதா. அதனால் ஆராய்ச்சி அறிஞர் அதற்கு மேல் சொல்வதில்லை. தடம் உள்ள வரைதான் நடப்பான் அறிவியலாளன். தடம் முடிந்த இடத்திலே நிற்பான். புராணிகன்தான் தடமில்லாத இடத்திலும் தேர் ஓட்டுவான்!

இன்னொரு செய்தியையும் இங்கே மனத்திலே வைத்துக்கொள்ள வேண்டும். கல் அழியாது, எலும்பு சில இடங்களிலே அழியாது, கிழங்கும் கீரையும் அழிந்துவிடும். பழனி மலையிலும் சிறுமலையிலும் வாழும் பளியர் மக்கள் காட்டு வள்ளிக்கிழங்கைக் கழியால் தோண்டி எடுப்பதிலே தேர்ந்தவர்கள். கழி மண்ணோடு மண்ணாகும். கிழங்குத் தோல் மக்கிப் போகும். கூடை இற்றுப் போகும். நூறு ஆண்டு கழித்துத் தோண்டினால் என்ன மிஞ்சும்? ஆதி மனிதர்களின் கிழங்குக்கும் கீரைக்கும் நேர்ந்தது இதுவே. அதனால்தான் நெடுங்காலம் படம் வரைந்தவர்கள் எல்லாம் ஈட்டி பிடித்த ஓர் ஆடவனை வரைந்து "ஆதி மனிதன்" என்று பெயர் எழுதினார்கள். ஈட்டி முனை கிடைத்தது, ஈட்டிக்காரனைப் பாடினார்கள். கூடை கிடைக்கவில்லை, கூடைக்காரியை மறந்தார்கள். ஈட்டி ஆணுக்கு, கூடை பெண்ணுக்கு என்று பிரித்ததும் அவசரம். பெரு நாட்டு ஆண்டிஸ் மலையிலே 9,000 ஆண்டுக்கு முன் புதைக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணின் அருகிலே வேட்டைக் கருவிகள் அடுக்கியபடி கிடைத்ததை 2020 இல் உலகுக்கு அறிவித்தார்களே!

எலும்பின் மேல் எழுத்து

அப்படியானால் எதைக் கொண்டு சொல்கிறார்கள்? ஒரு சாட்சியல்ல; பல சாட்சிகள். ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

முதல் சாட்சி, எலும்பின் மேல் கீறல். எத்தியோப்பியா நாட்டிலே 'பூரி' என்றோர் இடம் உண்டு. நம் சிற்றுண்டிச் சாலைப் பூரியல்ல, ஊர்ப் பெயர். அங்கே கிடைத்த விலங்கெலும்புகளிலே கல்லால் அறுத்த கீறல்கள் உள்ளன. உள்ளே இருந்த மச்சையை எடுக்க எலும்பை உடைத்த அடையாளமும் உண்டு. அவற்றின் காலம் 25 இலட்சம் ஆண்டு. நுண்பெருக்காடியின் கீழே வைத்தால், கல்லின் கீறல் வேறு, விலங்கின் பல் பதிந்த தடம் வேறு எனத் தெரிகிறது. இரண்டும் ஒரே எலும்பிலே ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்திருந்தால் இன்னும் நல்லது. பல் தடத்தின் மேலே கல் கீறல் இருந்தால், சிங்கம் தின்று விட்ட மிச்சத்துக்கு மனிதன் போனான் என்று பொருள். கல் கீறலின் மேலே பல் தடம் இருந்தால், மனிதன் உண்டு எறிந்ததை நரியோ கழுதைப்புலியோ கடித்தது என்று பொருள். யார் முதல் பந்தி, யார் இரண்டாம் பந்தி என்பதுகூட அந்த எலும்பிலே எழுதியிருக்கிறது!

இரண்டாம் சாட்சி, பல். இதிலே ஒரு சுவையான வழக்கு உண்டு. 1959 ஆம் ஆண்டு, தான்சானியா நாட்டு ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கிலே மேரி லீக்கி என்ற அம்மையார் ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தார். ஏறக்குறைய 18 இலட்சம் ஆண்டுக்கு முந்தையது. நம் நேர் முன்னோன் அல்லன், பங்காளி முறை. பெரும் தாடை, அகன்ற கடைவாய்ப் பற்கள். பார்த்தவர்கள் எல்லாம், "இவ்வளவு பெரிய பல் எதற்கு? கொட்டை உடைக்கத்தான்!" என்று தீர்ப்புக் கூறி, 'கொட்டை உடைப்பான்' என்று பட்டப்பெயரும் சூட்டிவிட்டார்கள். 2008 இல் அவனுடைய இனத்தாரின் பற்களை நுண்பெருக்காடியிலே பார்த்தார்கள். கடினமான கொட்டையை உடைத்தால் பல்லிலே குழி விழ வேண்டும். குழியைக் காணோம், மெல்லிய கோடுகளே இருந்தன. 2011 இல் பல்லின் எனாமலைச் சோதித்தார்கள். அவர்கள் உணவிலே முக்கால் பங்கு புல்லும் கோரையும் சார்ந்தது என்று தெரிந்தது. அரை நூற்றாண்டாகக் கொட்டை உடைப்பான் என்று பெயர் சுமந்தவன், உண்மையிலே புல்லும் கோரையும் மென்றவன். முகத்தைப் பார்த்துத் தீர்ப்புக் கூறுவோருக்கு இதைவிட நல்ல பாடம் வேறென்ன வேண்டும்?

எனாமலைச் சோதித்ததும் எப்படித் தெரிந்தது? அங்கேதான் மூன்றாம் சாட்சி வருகிறது: கார்பன். எல்லாச் செடியும் காற்றிலிருந்து கார்பனை எடுத்துத்தான் வளர்கிறது. காற்றிலே உள்ள கார்பனில் பெரும்பகுதி எடை குறைந்த வகை; சிறுபகுதி எடை கூடிய வகை. மரங்கள், கிழங்குகள், பருப்புகள், நெல் ஆகியவை எடை கூடிய வகையைக் குறைவாக ஏற்கும். கம்பு, சோளம், கேழ்வரகு, தினை, சாமை முதலியவையும் வெப்ப நாட்டுப் புற்கள் பெரும்பாலானவையும் அதைக் கூடுதலாக ஏற்கும். தின்பவன் உடம்பிலே அந்தக் கணக்கு அப்படியே இறங்குகிறது. அரிசிச் சோறு உண்டு வளர்ந்த ஆரப்பாளையத்து இளைஞனின் பல்லையும், திருமங்கலத்துக் கரிசலிலே கம்பங்கூழ் குடித்து வளர்ந்த அவன் பாட்டனின் பல்லையும் சோதனைச் சாலையிலே கொடுத்தால், ஊரும் பேரும் சொல்லாமலே வேறுபாட்டைச் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் கம்பு தின்றவன் பல்லும், புல் மேய்ந்த மாட்டைத் தின்றவன் பல்லும் கார்பன் கணக்கிலே ஒன்றுபோல் தோன்றலாமே? தோன்றலாம். அதற்குத்தான் நைட்ரஜன் என்னும் இன்னொரு சாட்சி. புல்லைவிட அதைத் தின்னும் ஆட்டிலே எடை கூடிய நைட்ரஜன் ஒரு படி அதிகம். ஆட்டைவிட அதைத் தின்னும் மனிதனிலே இன்னொரு படி அதிகம். படியை எண்ணினால் பந்தி தெரியும். இதிலே ஒரு வியப்பு கேளுங்கள்: தாய்ப்பால் குடிக்கும் குழந்தை, தாயைவிட ஒரு படி மேலே நிற்கும். தாயின் உடம்பையே அல்லவா அது உண்கிறது!

நான்காம் சாட்சி, பற்காறை. பல் துலக்காதவன் பல்லிலே மஞ்சளாய்ப் படிந்து கல்லாய் இறுகுமே, அதுதான். உண்ட உணவின் மாவுத்துகளும் மரபணுத் துணுக்கும் அதிலே சிக்கிக்கொள்ளும். ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் வாழ்ந்து மறைந்த நியாண்டர்தால் மனிதரின் மரபு சிறிதளவு நம் உடம்பிலும் கலந்திருக்கிறது. பெல்ஜியத்துக் குகை ஒன்றிலே கிடைத்த அவர்கள் பற்காறையிலே காண்டாமிருகமும் காட்டுச் செம்மறியும் இருந்தன. ஸ்பெயின் நாட்டுக் குகையிலே காளானும் பைன் மரத்துப் பருப்பும் பாசியும் இருந்தன. 2017 இல் வெளிவந்த முடிவு இது. ஈராக் நாட்டுச் சானிதார்க் குகையிலே கிடைத்த பல்லிலோ, வேகவைத்த வாற்கோதுமையின் மாவுத்துகள்! ஒரே இனம், மூன்று குகை, மூன்று சமையல். "நியாண்டர்தால் உணவு எது?" என்று கேட்டால், "எந்த ஊர் நியாண்டர்தால்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

ஐந்தாம் சாட்சியைச் சொன்னால் சிலர் மூக்கைப் பிடிப்பார்கள். ஸ்பெயினிலே 50,000 ஆண்டுக்கு முந்தைய நியாண்டர்தால் மலத்தையே ஆராய்ந்து, ஊனும் உண்டார்கள், செடியும் உண்டார்கள் என்று 2014 இல் அறிவித்தார்கள். உண்மையைத் தேடுகிறவனுக்குத் தீட்டு இல்லை, தோழர்களே! மலத்தையும் கையிலே எடுத்து ஆராய்ந்தவனால்தான் மறைந்ததொன்று வெளிவந்தது.

அக்கரைக் குகையிலே

நம் மண் மறைத்ததை, கடல் தாண்டி ஒரு தீவு காத்து வைத்திருக்கிறது. இலங்கையிலே களுத்துறை மாவட்டத்திலே பாகியன் குகை. அங்கே சுமார் 45,000 ஆண்டுக்கு முன்பே நம் இன மனிதர் வாழ்ந்தனர். அங்கே கிடைத்த ஏறத்தாழ 14,500 எலும்பு, பல் துண்டுகளை ஆராய்ந்து 2019 இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பகுதி எவை தெரியுமா? குரங்கும் மலை அணிலும்! யானையை வீழ்த்திய வீரக் கதையல்ல. அடர்ந்த மழைக்காட்டிலே, மரத்துக்கு மரம் தாவும் சிறு உயிர்களைக் குறிவைத்து வீழ்த்திய நுட்பக் கதை. குரங்கின் எலும்பையே தீட்டிக் கூர்முனை செய்தார்கள். அந்த முனைகளிலே சில அம்பு முனைகள் என்று 2020 இல் வெளிவந்த ஆய்வு கூறியது. வீழ்த்தப்பட்டவற்றிலே வளர்ந்த விலங்குகளே மிகுதி. குட்டியை விட்டு முதிர்ந்ததைக் குறிவைத்ததால், பல ஆயிரம் ஆண்டு அவர்கள் அதே காட்டிலே வாழ முடிந்தது.

அணிலா, என்று முகம் சுளிப்பவர் உண்டு. சேது கட்ட அணில் மண் சுமந்தது என்ற கதையைக் கேட்டு வளர்ந்த நாடு அல்லவா! கதையிலே அணிலின் முதுகிலே கோடு விழுந்தது; குகையிலே அணிலின் எலும்பிலே கீறல் விழுந்தது. முன்னது நம்பிக்கை, பின்னது சான்று.

கறி மட்டும்தானா? இல்லை. பட்டதொம்ப குகை, பெலி குகை போன்ற இலங்கைக் குகைகளிலே கரிந்த காட்டு ஈரப்பலாவும் காட்டு வாழையும் கிடைத்தன. குவியல் குவியலாக நத்தை ஓடுகளும் கிடைத்தன. இலங்கையில் கிடைத்த 26 மனிதர்களின் பற்களைச் சோதித்து, 2015 இல் இன்னொரு முடிவும் வந்தது. சுமார் 20,000 ஆண்டு முதல் 3,000 ஆண்டு வரையிலான காலத்தவர் அவர்கள். காட்டு உணவே அவர்களுக்குப் பெரும்பகுதி. வயலும் உழவும் பரவத் தொடங்கிய பின்னும்கூடப் பலர் காட்டை நம்பியே வாழ்ந்தனர். மழைக்காட்டிலே மனிதன் வாழ முடியாது என்று முன்பு எழுதிய புத்தகங்களை, ஒரு தீவின் பற்கள் திருத்தி எழுத வைத்தன.

கரிந்ததால் பிழைத்தது

இனி வயலுக்கு வருவோம். மனிதன் முதலில் உழுதான், பிறகு ரொட்டி சுட்டான் என்றுதான் நாம் படித்தோம். ஜோர்டான் நாட்டுப் பாலைவனத்திலே 14,400 ஆண்டுக்கு முந்தைய அடுப்பிலே ரொட்டியின் கரிந்த துணுக்குகள் கிடைத்தன. 2018 இல் செய்தி வந்தது. உழவு தொடங்குவதற்கு 4,000 ஆண்டுக்கு முன்பே, காட்டுத் தானியத்தையும் கோரைக் கிழங்கையும் இடித்துச் சுட்டிருக்கிறார்கள். அடுப்பு முந்தியது; ஏர் பிந்தியது!

தானியம் மக்கிப் போகும். கருகிய தானியம் மக்காது. சமைக்கும்போது சிந்திக் கருகியது, குடிசை தீப்பற்றிக் கருகியது என, அன்று வீணானதுதான் இன்று சான்று. பழைய குடியிருப்பின் சாம்பல் மண்ணை அள்ளித் தண்ணீரிலே கொட்டிக் கலக்கினால், மண் அடியிலே தங்கும், கரிந்த மணி மேலே மிதக்கும். நம் வீட்டுப் பெண்கள் அரிசி களைகையிலே உமியும் சொத்தையும் மிதக்குமே, அதே நுட்பம். அப்படிப் பார்த்ததிலே, தென்னிந்தியாவிலே 4,000 ஆண்டுக்கு முன்பே பயிரிட்டவை கொள்ளும் பாசிப்பயறும் சிறுதானியமும் எனத் தெரிந்தது. திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியிலும் கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்தன. இன்று குதிரைக்கும் மாட்டுக்கும் என்று ஒதுக்கப்படும் கொள்ளு, தென்னாட்டு முதல் உழவர் வீட்டு விருந்து!

நெல் எப்போது? தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையிலே முதுமக்கள் தாழியிலே கிடைத்த நெல்லுக்குக் காலம் கி.மு. 1155 என்று 2021 இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பழனிக்கு அருகே பொருந்தலிலே ஈமக்குழியில் வைத்திருந்த பானையிலே சுமார் 2 கிலோ நெல் இருந்தது. அதன் காலம் கி.மு. 490. இறந்தவனோடு நெல்லை வைத்துப் புதைத்தார்கள் என்றால், நெல் எவ்வளவு மதிப்புக்குரிய பொருளாக இருந்திருக்க வேண்டும்!

நம் வைகைக் கரைக்கே வருவோம். மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரிலே கீழடி. 2019 இல் வெளியான தமிழ்நாடு தொல்லியல் துறையின் அறிக்கையிலே ஒரு செய்தி உண்டு. அங்கே கிடைத்த 70 எலும்புத் துண்டுகளைப் புனே தக்காணக் கல்லூரிக்கு அனுப்பிச் சோதித்தார்கள். சரிபாதிக்கு மேல் காளை, பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் எலும்புகள். கலைமானும் காட்டுப்பன்றியும் மயிலும்கூட உண்டு. சிலவற்றிலே வெட்டுத் தழும்புகள் இருப்பதால் அவை உணவாயின என்று அறிக்கை கூறியது. மாடு அங்கே உழவுக்கு உற்ற துணை. ஆடு அங்கே செல்வம். மானும் பன்றியும் வேட்டை. வயலும் வேட்டையும் தொழுவமும் சேர்ந்ததுதான் அந்த நகரத்தின் அடுக்களை.

தீர்ப்பு

சாட்சிகள் முடிந்தன. தீர்ப்பு என்ன?

"முன்னோர் இலையும் கனியும் பாலும் மட்டுமே உண்டனர்" என்றவர் தோற்றார். 25 இலட்சம் ஆண்டுக் கீறல் அவருக்கு எதிர்ச்சாட்சி. பாலைப் பற்றிச் சொன்னால், ஆடுமாடு வளர்க்கத் தொடங்கிப் பத்தாயிரம் ஆண்டு அளவுதான் ஆகிறது. அதற்கு முன் மனிதன் குடித்த பால், தாய்ப்பால் ஒன்றுதான்.

"முன்னோர் கறி மட்டுமே உண்டனர்" என்றவரும் தோற்றார். பற்காறையிலே இருந்த வாற்கோதுமையும், குகையிலே கரிந்த ஈரப்பலாவும், பாலைவனத்து ரொட்டியும் அவருக்கு எதிர்ச்சாட்சி. அவர் தட்டிலே வைத்திருக்கும் காலிபிளவரையும் வெண்ணெயையும் பண்ணைக் கோழியையும் எந்த ஆதி மனிதனும் கண்டதில்லை. நோய்க்கு எது பத்தியம் என்பதை மருத்துவர் சொல்லட்டும், கேட்போம். முன்னோர் பெயரால் விற்க வேண்டாம்.

வென்றவர் யார்? கிடைத்ததை உண்டு, கிடைக்காதபோது வேறொன்றைத் தேடி, காட்டிலே அணிலையும், கரையிலே மீனையும், கரிசலிலே கம்பையும், வயலிலே நெல்லையும் உணவாக்கிக்கொண்ட மனிதன் வென்றான். பனியிலும் பாலையிலும் மழைக்காட்டிலும் மனித இனம் பிழைத்தது, ஒரே உணவைப் பிடித்துக்கொண்டு நின்றதால் அல்ல. உணவை மாற்றிக்கொள்ளக் கற்றதால். அப்படியிருக்க, இவன் தட்டு உயர்வு, அவன் தட்டு தாழ்வு என்ற பேச்சுக்கு எந்தப் பல்லிலே ஆதாரம்? எந்த எலும்பிலே எழுத்து? ஊன் வேண்டாதவர் ஒதுக்கட்டும். அது அவர் உரிமை. வேண்டுபவர் உண்ணட்டும், அது அவர் உரிமை. தட்டை வைத்துத் தரம் பிரிக்க மட்டும் முன்னோரைத் துணைக்கு அழைக்காதீர்கள். அவர்கள் வரமாட்டார்கள், வந்தால் உங்களுக்கு எதிராகவே பேசுவார்கள்!

பசியின் கோடு

இவ்வளவும் சொன்ன பல், இன்னொன்றையும் சொல்லும். அதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தோம்.

பல் உணவை மட்டும் எழுதி வைப்பதில்லை. உணவு இல்லாததையும் எழுதி வைக்கிறது. குழந்தை ஈறுக்குள்ளே எனாமல் வளரும் காலத்திலே கடும் பசியோ கடும் நோயோ தாக்கினால், வளர்ச்சி தடைப்பட்டு எனாமலிலே குறுக்கே ஒரு பள்ளக் கோடு விழும். உடைந்த எலும்பு ஒட்டும், புண் ஆறும், ஆனால் எனாமல் ஒருமுறை உருவானால் உருவானதுதான். மூன்று வயதிலே விழுந்த கோடு முப்பது வயதிலும் இருக்கும். இறந்து மண்ணிலே புதைந்த பின்னும் இருக்கும். ஆராய்ச்சியாளர்கள் உலகெங்கும் பழைய பற்களிலே இந்தக் கோடுகளை எண்ணுகிறார்கள். எந்தப் பிள்ளை எந்த வயதிலே வாடியது என்று கணக்குச் சொல்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவிலே 20 இலட்சம் ஆண்டுக்கும் முன் வாழ்ந்த, மனித மரபின் மிகப் பழைய கிளை ஒன்றைச் சேர்ந்த பிள்ளைகளின் பல்லைச் சோதித்து, 2019 இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். தாய்ப்பாலோடு பேரியம் என்ற தாதுப்பொருள் பிள்ளையின் பல்லிலே ஏறும். குடி மறந்தால் குறையும். அந்தப் பற்களிலே முதல் ஆண்டு முழுதும் தாய்ப்பால். பிறகு குறைகிறது, மறுபடியும் கூடுகிறது, மறுபடியும் குறைகிறது, பல ஆண்டு இப்படி. காட்டிலே உணவு வற்றிய பருவத்திலெல்லாம், வளர்ந்த பிள்ளையைத் தாய் திரும்ப மார்பிலே அணைத்துக்கொண்டாள் என்பதற்கான அடையாளம் அது. மொழி தோன்றாத காலம். மதம் தோன்றாத காலம். ஆனால் பிள்ளை பசியால் வாடக்கூடாது என்ற நெஞ்சம் மட்டும் தோன்றிவிட்டது!

அந்தத் தாய் செய்ததைத்தான் ஒரு நாடும் செய்ய வேண்டும். 1920 இல் நீதிக்கட்சியார் ஆட்சியிலே சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள். 1956 இல் காமராசர் அதை மாநிலமெங்கும் பரப்பத் தொடங்கினார். 1982 இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் தொடங்கியது எங்கே? நம் மதுரையிலே, நெல்பேட்டைக்கு அருகே ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப் பள்ளியிலே. ஆரப்பாளையத்துக்குக் கூப்பிடு தொலைவிலே. கட்சிகள் மாறின, கொடிகள் மாறின. சட்டி மட்டும் அடுப்பை விட்டு இறங்கவில்லை. அது இறங்கக் கூடாது.

எனவே, அந்தச் சட்டியிலே முட்டை இருக்கலாமா, கூடாதா என்று எவரேனும் முன்னோரைக் காட்டி வாதிட வந்தால், தோழர்களே, அவர்களோடு நூலைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பிள்ளையின் வாயைத் திறந்து பல்லைக் காட்டுங்கள். "இதிலே கோடு விழாமல் பார்த்துக்கொள்ளும் உணவு எதுவோ, அதுவே நம் மரபு" என்று சொல்லுங்கள்.

ஆயிரமாயிரம் ஆண்டு கழித்து வைகைக் கரையை எவரோ தோண்டுவார்கள். நாம் எழுதிய ஏடுகள் இருக்குமோ, இராவோ. நாம் கட்டிய மாடங்கள் நிற்குமோ, நில்லாவோ. பற்கள் கிடைக்கும். அவற்றை ஒளியிலே பிடித்து உருட்டிப் பார்ப்பார்கள். இந்தத் தலைமுறைப் பிள்ளைகளின் பல்லிலே பசியின் கோடு இல்லை என்று அவர்கள் எழுதி வைக்க வேண்டும்.